பூதிகோட்டை அக்காவுக்கு வாங்கிய வயர்லெஸ் சார்ஜர்

"கையில்தான் செல்போன் இருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றி நம்மில் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு மார்கழி மாதத்து ஓர் இரவில் அந்த நிம்மதி போயிற்று. அதன்பின் ஒரு சிறிய பொருளை வாங்க நான் பட்ட பாட்டையும், அதில் கற்றுக்கொண்டதையும் நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பூதிகோட்டை, கோலார் மாவட்டத்தில் பங்காருப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அருகில் உள்ளது கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்காகத் தங்கவயலுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அக்காள் வீட்டுக்காரர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டபோது, கைக்கு வந்த பணத்தில் பூதிகோட்டையில் சிறிய ஓட்டு வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினார். இன்று மாமா இல்லை. அக்காவுக்கு வயது எழுபத்தாறு. மகன் மஸ்கட்டில். நான் பெங்களூரில். தினமும் இரவு ஒன்பது மணிக்கு மகன் பேசுவான். வாரம் இருமுறை நான் பேசுவேன்.

அன்று இரவு மகன் கூப்பிட்டபோது "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று வந்திருக்கிறது. எனக்குச் சொன்னான். நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். "குளிர்காலம், அக்கா சீக்கிரம் படுத்திருக்கும். காலையில் பேசிக்கலாம்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். அதே இரவில், பதினொரு மணி வாக்கில், புழக்கடைக்குப் போன அக்கா வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறார். தட்டுத் தடுமாறி உள்ளே வந்து போனை எடுத்தால் அதில் உயிர் இல்லை. கூப்பிட்ட குரல், குளிருக்குக் கதவடைத்துத் தூங்கிய அண்டை வீட்டாருக்குக் கேட்கவில்லை. விடியற்காலை பால் ஊற்ற வந்த பெண்தான் பார்த்து ஆட்களைக் கூட்டியிருக்கிறாள். ஏறக்குறைய ஏழு மணி நேரம் அந்த வலியோடு என் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு இருந்தவர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "சாயங்காலமே சொருகிட்டேன் தம்பி. ஏறுதுன்னுதான் நெனச்சேன்."

பழுது எங்கே?

நான் முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் பெட்டி விளக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். வண்டி ஓடும்போது பெட்டிக்கு அடியில் உள்ள ஆல்டர்னேட்டர் மின்கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றும். வண்டி நிற்கும்போது அந்த மின்கலங்கள்தான் விளக்கையும் விசிறியையும் நடத்தும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஃபிட்டர், "மீட்டர் வச்சுப் பார்க்காம சார்ஜ் ஏறுதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதாதே" என்பார். அந்தப் பாடத்தை ரயில்வேயோடு விட்டுவிட்டு வந்தது என் தவறு.

போனை வாங்கிப் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். அக்கா போனை வெற்றிலை பாக்கோடு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்பவர். சார்ஜ் பின் சொருகும் துளைக்குள் சுண்ணாம்புத் தூள், பாக்குத் துகள், துணி நூல் எல்லாம் இறுகிக் கிடந்தன. பின் பாதிதான் உள்ளே போகும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுத்தம் செய்ததும் பின் சரியாக உட்கார்ந்தது. ஆனால் அது எத்தனை நாளைக்கு? கண்ணில் புரை; விரலில் நடுக்கம்; ஒரு கையில் கட்டு. கடுகளவு துளையைத் தேடிப் பின்னைச் சொருகு என்று அவரிடம் சொல்வதே அநியாயம். அப்போதுதான், பின்னே வேண்டாத வயர்லெஸ் சார்ஜர் வாங்கலாம் என்று தோன்றியது.

கம்பி இல்லாமல் மின்சாரம் எப்படி வருகிறது?

இது மாயமும் இல்லை, புதிதும் இல்லை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். ஒரு கம்பிச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் மாறி மாறி எழும். பக்கத்தில் இன்னொரு சுருள் இருந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். தெரு முனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரும் இதே தத்துவம்தான். அதில் இரண்டு சுருள்களும் ஒரே இரும்பு நடுவத்தில் சுற்றப்பட்டிருக்கும். இங்கே ஒரு சுருள் சார்ஜர் பலகையிலும், மற்றொன்று போனின் முதுகுக்குள்ளும் இருக்கின்றன. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. பலகைச் சுருளில் மின்னோட்டம் விநாடிக்கு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. போன் தனக்கு எவ்வளவு வேண்டும், எப்போது போதும் என்பதையும் அந்தச் சுருள் வழியாகவே பலகைக்குத் தெரிவிக்கிறது.

எங்கள் பகுதிக்கும் மின்சாரத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 92 மைல் தூரம் கம்பி இழுத்து, 1902-லேயே தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். பூதிகோட்டைக்கும் ஒரு கம்பிக் கதை உண்டு. 2000-களின் தொடக்கத்தில் 'நம்ம த்வனி' என்ற சமுதாய வானொலியைக் கிராமத்தார் அங்கே நடத்தினார்கள். வானலையில் ஒலிபரப்ப அப்போது அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லாததால், டி.வி. கேபிள் வழியாக வீடுகளுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். அங்கே கம்பியைப் பிடித்தால்தான் காரியம் நடந்தது. இங்கே என் அக்காவுக்குக் கம்பியை விட்டால்தான் காரியம் நடக்கும். எது வேண்டும் என்பதைப் பயன்படுத்துகிறவரின் நிலைமைதான் சொல்ல வேண்டும்.

நான் செய்த மூன்று தவறுகள்

முதல் தவறு: போனைப் பார்க்காமல் பலகையை வாங்கினேன். வட்டமான, அழகான பலகை. பெங்களூரிலேயே வாங்கி, மாரிகுப்பம் வண்டி ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கிப் பேருந்து பிடித்துக் கொண்டுபோய் வைத்தால், போனில் ஓர் அசைவும் இல்லை. அந்தப் போனின் முதுகில் வாங்கும் சுருளே கிடையாது! நம் நாட்டில் விற்கும் குறைந்த விலை போன்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லை. விலை உயர்ந்த போன்களில்தான் உண்டு. ஐபோன்களில் 2017-இல் வந்த 8, எக்ஸ் ஆகியவற்றிலிருந்து வந்தது. டிப்ளமா படித்தவன் செய்யக்கூடிய தவறா இது? "பரவால்ல தம்பி, டம்ளர் வைக்க ஆச்சு" என்று சொல்லி அக்கா சிரித்தார்.

பிறகு, என் மகள் மாற்றிவிட்டு வைத்திருந்த பழைய போனில் இந்த வசதி இருப்பதைப் பார்த்து, அதற்குப் புது பேட்டரி போட்டு எடுத்துப் போனேன்.

இரண்டாவது தவறு: அடாப்டர். பலகைகள் பலவற்றோடு சுவரில் சொருகும் அடாப்டர் வருவதில்லை. வீட்டில் கிடந்த பழைய அடாப்டர் ஒன்றைப் பூட்டினேன். 5 வோல்ட், 1 ஆம்பியர். அதாவது மொத்தமே 5 வாட். அந்தப் பலகைக்கு அது போதவில்லை. விளக்கு மினுக்கும், அணையும், மறுபடி மினுக்கும். பலகையின் அட்டைப் பெட்டியில் அதற்கு எவ்வளவு வாட் அடாப்டர் வேண்டும் என்று அச்சிட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. பி.ஐ.எஸ். முத்திரையுள்ள 20 வாட் அடாப்டர் ஒன்றை வாங்கியதும் அந்தக் கோளாறு தீர்ந்தது.

மூன்றாவது தவறுதான் முக்கியமானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிப் பெங்களூர் திரும்பினேன். மூன்றாம் நாள் காலை மறுபடியும் "ஸ்விட்ச் ஆஃப்". எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அக்கா நலமாகத்தான் இருந்தார். நடந்தது என்னவென்றால், வழவழப்பான பலகைமேல் போனை வைத்திருக்கிறார். இரவு முழுவதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்போதெல்லாம் போன் அதிர்ந்து, அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுருளை விட்டு விலகிவிட்டது. சுருளும் சுருளும் நேருக்கு நேர் இல்லையென்றால் சார்ஜ் ஏறாது. ஏறினாலும் வெப்பமாகவே வீணாகும்.

பழைய கதைதான்: "வச்சேன் தம்பி. ஏறுதுன்னுதான் நெனச்சேன்."

கம்பி இருந்தபோது எந்தப் பழுதோ, கம்பி போன பிறகும் அதே பழுது. சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்க வேண்டியிருந்தது பலகையை மட்டும் அல்ல. அந்தத் தெளிவையும்தான் என்பது அன்று உறைத்தது.

கடைசியில் எதை வாங்கினேன்?

இந்தச் சார்ஜர்களுக்கு உலகப் பொதுவான தர முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கியூ, ஐ என்று இரண்டு எழுத்துகள். சீன மொழிச் சொல், 'சீ' என்று உச்சரிக்க வேண்டும். 2008-இல் தொடங்கப்பட்ட நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று வகுத்தது. அந்த முத்திரை இருந்தால் எந்தக் கம்பெனிப் பலகையும் எந்தக் கம்பெனிப் போனும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். 2023-இல் வெளிவந்த 'சீ-2' முறையில் காந்த வளையம் சேர்ந்தது. பலகையிலும் போனிலும் வட்டமாகக் காந்தங்கள். கிட்டே கொண்டுபோனால் போதும், 'டக்'கென்று சரியான இடத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். வேகம் 15 வாட் வரை. 2025-இல் 25 வாட் வகையும் வந்தது.

மகளின் பழைய போனில் சுருள் உண்டு, காந்தம் இல்லை. அதற்குக் காந்த வளையம் வைத்த உறை தனியே கிடைக்கிறது, வாங்கிப் போட்டேன். பலகைக்குப் பதில் காந்தமுள்ள ஸ்டாண்டு வாங்கினேன். ஏன் ஸ்டாண்டு? கீழே கிடக்கும் காந்தப் பலகையிலிருந்து போனை எடுத்தால் பலகையும் கூடவே வரும். பிரிக்க இரண்டு கை வேண்டும். அக்காவுக்கு அப்போது ஒரு கைதான். அடி கனமான ஸ்டாண்டாக இருந்தால் ஒற்றைக் கையால் எடுக்கலாம், வைக்கலாம். போன் நிமிர்ந்து நிற்பதால் மகன் முகத்தைப் பார்த்தே பேசவும் முடிகிறது.

மிகவும் உதவிய மாற்றத்துக்குக் காசே ஆகவில்லை. போன் அமைப்புகளுக்குள் போய், சார்ஜ் ஏறத் தொடங்கும்போது ஒலி எழுப்பும் வசதியைத் திறந்து, சத்தத்தையும் கூட்டி வைத்தேன். சார்ஜரின் சிறு விளக்கு புரை விழுந்த கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம் காதுக்குக் கேட்கும். அக்காவுக்கு இப்போது ஒரே சட்டம்: "மணி அடிச்சா ஏறுது. அடிக்கலேன்னா எடுத்து மறுபடி வை."

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. முதலில் போனைப் பாருங்கள். அதன் விவரப் பட்டியலில் 'வயர்லெஸ் சார்ஜிங்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் போனின் முதுகில் ஒட்டும் மெல்லிய சுருள் கிடைக்கிறது. ஆனால் அதன் பின் எப்போதும் துளையில் சொருகியே இருக்க வேண்டும், வேகமும் குறைவு.

2. 'சீ' முத்திரை உள்ளதை வாங்குங்கள். பெட்டியில் "20 வாட்", "50 வாட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். போன் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும்.

3. அடாப்டர் தனியே வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். பெட்டியில் குறித்துள்ள வாட் அளவுக்குக் குறையாத, பி.ஐ.எஸ். முத்திரை உள்ள அடாப்டராக இருக்கட்டும்.

4. போனுக்கும் சார்ஜருக்கும் நடுவில் உலோகம் வரக்கூடாது. நாணயம், சாவி, எங்கள் அக்காவின் சுண்ணாம்பு டப்பா எதுவும் சூடாகிவிடும். நல்ல சார்ஜர்கள் அந்நியப் பொருளை உணர்ந்து நின்றுவிடும். மலிவானவற்றை நம்ப முடியாது. உலோகத் தகடுள்ள உறை, மிகத் தடித்த உறை ஆகியவையும் ஆகா. உறைக்குள் பேங்க் கார்டையும் வைக்காதீர்கள்.

5. வெப்பம் மின்கலத்துக்குப் பகை. ரயில் பெட்டிக் கலமானாலும் செல்போன் கலமானாலும் இது ஒன்றே. வெயில் விழும் ஜன்னல், மெத்தை, தலையணை அடி வேண்டாம். கை பொறுக்காத சூடு வந்தால் அந்தச் சார்ஜரை விட்டுவிடுங்கள்.

6. இது மிக முக்கியம். வீட்டில் யாருக்காவது மார்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருந்தால், காந்தமுள்ள போனையும் உறையையும் சட்டைப் பையில் வைக்கவே கூடாது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021-இல் சொன்னது, குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று. வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கட்டும் என்கிறது ஆப்பிள் நிறுவனம். எதற்கும் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கரண்டு பில் ஏறிடுமா?" என்று அக்கா கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 19 வாட்-மணி. இந்த முறையில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு வெப்பமாக வீணாகும்; கம்பி முறையில் அவ்வளவு போகாது. தாராளமாக நாளுக்கு 30 வாட்-மணி என்று வைத்தாலும், மாதம் முழுவதற்கும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. நேரம் மட்டும் கூடுதலாகும். அவசரமாக வெளியே போகிறவர்களுக்குக் கம்பிதான் நல்லது. இரவெல்லாம் போனை வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு நேரம் ஒரு பொருட்டல்ல.

கரண்டு போனால் எந்தச் சார்ஜரும் உதவாது. ஆகவே பவர் பேங்க் ஒன்றை நிரப்பி, அதன் கம்பியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காட்டி வைத்திருக்கிறேன். நடு வீட்டுச் சுவரில் அவள் நம்பரையும் பால்காரப் பெண்ணின் நம்பரையும் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதியாயிற்று. எனக்கும் மஸ்கட் மகனுக்கும் இடையே ஒரு சட்டம்: "ஸ்விட்ச் ஆஃப்" என்று வந்தால் தூங்கப் போகக்கூடாது; உடனே அந்த இரண்டு நம்பரில் ஒன்றைக் கூப்பிட வேண்டும். இந்தச் சட்டத்தை அன்றே போட்டிருந்தால் என் அக்கா ஏழு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பெற்றோருக்கு ஆசை ஆசையாய்க் கருவிகள் வாங்கி அனுப்புகிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் பார்சலில் அனுப்பிவிட்டு அதோடு நின்றுவிடாதீர்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது ஓர் இரவு கூடத் தங்கி, அவர்கள் கையாலேயே அதை வைக்கச் சொல்லி, காலையில் நூறு காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ரிஜிஸ்டரில் எழுதக்கூடாது அல்லவா?

அக்காவின் கைக்கட்டு பிரித்தாயிற்று. நேற்றிரவு ஒன்பதரைக்கு நான் கூப்பிட்டபோது, எடுத்ததும் சொன்னார்: "மணி அடிச்சுது தம்பி. நீ போய்த் தூங்கு."